கவுண்டர் அறிக்கையும் சந்தாப் பட்டியலும் ஐ.எஸ்.எஸ்.என். எண்ணால் பொருந்தவில்லை: உதவி தேவை

கேள்வி: கல்லூரி நூலகர், கோபிசெட்டிபாளையம்

அனைவருக்கும் வணக்கம். கோபியில் உள்ள ஒரு சுயநிதிக் கல்லூரியின் நூலகத்தைக் கவனித்து வருகிறேன். கோஹா என்ற நூலக மென்பொருளின் 22.11 பதிப்பில் அறிமுகமான மின்வள மேலாண்மைப் பகுதியில்தான் எங்கள் ஒப்பந்தங்களையும் உரிமங்களையும் இதழ்ப் பட்டியலையும் பதிந்து வைத்திருக்கிறோம். விநியோகஸ்தர் அனுப்பிய கேபார்ட் கோப்பை (மின்னிதழ்ப் பட்டியலுக்கான பொது வடிவம்) விரிதாளில் திறந்து, எங்களுக்குத் தேவையில்லாத வரிகளை நீக்கிச் சேமித்து, அதன் பிறகே கோஹாவில் ஏற்றினோம்.

அடுத்த மாதம் நூலகக் குழு கூடுகிறது. திருப்பூர், பவானி, சென்னிமலைப் பக்கத்து மாணவர்கள் அதிகமாகப் படிக்கும் துணிநுட்பத் துறைக்கு வாங்கும் இதழ்களின் சந்தாவைத் தொடரலாமா என்பது அங்கே முடிவாகும். அதற்காக, ஒரு கட்டுரையைத் திறக்கச் சராசரியாக எவ்வளவு செலவாகிறது என்று கணக்கிட விரும்பி, பதிப்பகத்தின் தளத்திலிருந்து, கவுண்டர் என்ற பயன்பாட்டுக் கணக்கு நெறிப்படி அமைந்த டி.ஆர்.ஜே.1 என்ற இதழ்ப் பயன்பாட்டு அறிக்கையை இறக்கினேன். அறிக்கையில் ஐ.எஸ்.எஸ்.என். எண்கள் (இதழ்களின் அடையாள எண்கள்) நடுக்கோட்டுடன் இருந்தன. எங்கள் பட்டியலில் கோடு இல்லை. எனவே சூத்திரம் எழுதிக் கோட்டை நீக்கிவிட்டு, விரிதாளின் தேடல் சூத்திரமான வி-லுக்அப் மூலம் ஒப்பிட்டேன். மிகச் சில இதழ்களைத் தவிர எதுவும் பொருந்தவில்லை. ‘டெக்ஸ்டைல் ரிசர்ச் ஜர்னல்’ இரண்டு பக்கமும் இருப்பதைக் கண்ணால் பார்க்கிறேன்; சூத்திரமோ இல்லை என்கிறது. காரணம் தெரிந்தவர்கள் உதவ வேண்டுகிறேன்.

மறுமொழி: நூலக உதவியாளர், நாமக்கல்

பட்டியலில் அச்சு எண்ணும் அறிக்கையில் இணைய எண்ணும் இருந்தால் இப்படி நேரலாம். ஒரே இதழுக்கு இரண்டு எண்கள் உண்டு என்பதால், இரண்டு நெடுவரிசைகளையும் தனித்தனியே ஒப்பிட்டுப் பாருங்கள்.

கேள்வி கேட்டவர்

நன்றி. அச்சு எண்ணை அச்சு எண்ணோடும் இணைய எண்ணை இணைய எண்ணோடும் ஒப்பிட்டுவிட்டேன். முடிவில் மாற்றம் இல்லை.

மறுமொழி: மின்வளப் பொறுப்பாளர், கோயம்புத்தூர்

வணக்கம். பொருந்தாதவற்றை விட்டுவிட்டு, பொருந்திய சில இதழ்களை முதலில் பாருங்கள். அவற்றின் எண்கள் எல்லாம் ‘எக்ஸ்’ என்ற எழுத்தில் முடிகின்றனவா?

கேள்வி கேட்டவர்

ஆம் ஐயா, ஒன்று விடாமல் அப்படித்தான் முடிகின்றன! இதை நான் கவனிக்கவே இல்லை. இதற்கும் பொருத்தத்துக்கும் என்ன தொடர்பு?

மறுமொழி: மின்வளப் பொறுப்பாளர், கோயம்புத்தூர்

அந்த எழுத்து இருப்பதால்தான் விரிதாள் அவற்றைத் தொடாமல் விட்டிருக்கிறது. கோடில்லாத எட்டு இலக்கங்களைக் கண்டால் விரிதாள் அதைக் கணக்குக்கு உரிய தொகை என்று எடுத்துக்கொண்டு முன்னால் உள்ள சுழியங்களை நீக்கிவிடும். நீங்கள் சொன்ன இதழின் அச்சு எண் 0040-5175. உங்கள் கோப்பில் அது 405175 என்று நிற்கும். அதன் இணைய எண்ணான 1746-7748-இல் சுழியம் எதுவும் இழக்கப்படவில்லை என்றாலும், உங்கள் பக்கம் அது தொகையாகவும், சூத்திரத்தால் கோடு நீக்கிய அறிக்கையில் எழுத்துச் சரமாகவும் இருப்பதால், பார்வைக்கு ஒன்றாகத் தெரிந்தும் வி-லுக்அப் இரண்டையும் வேறு வேறாகவே கருதும். எக்ஸில் முடிபவை மட்டும் இரு பக்கமும் எழுத்துச் சரமாக இருந்து பொருந்தியிருக்கின்றன.

கேபார்ட் விதிப்படி நடுக்கோட்டுடன் ஒன்பது எழுத்துகளாக எண்ணைத் தந்திருந்தால் இந்தச் சிக்கலே எழுந்திருக்காது. ஆகவே விநியோகஸ்தரிடம் திருத்திய கோப்பைக் கேளுங்கள். அது நம் உரிமை. அதுவரை, மின்னஞ்சலில் வந்த மூலக் கோப்பை இருமுறை சொடுக்கித் திறக்காமல், லிப்ரே ஆபீஸ் கால்க் போன்ற ஒன்றில் இறக்குமதிச் சாளரம் வழியாகத் திறந்து, யு.டி.எஃப்-8 குறிமுறையையும் டேப் பிரிப்பையும் தேர்ந்து, எண்கள் உள்ள நெடுவரிசைகளை ‘உரை’ என்று குறித்துவிடுங்கள். பிறகு முதல் நான்கு எழுத்துகளுக்கும் கடைசி நான்குக்கும் இடையே கோடு சேர்த்து, டேப் பிரிப்பு மாறாமல் சேமியுங்கள். கோஹாவுக்குள்ளும் குறைபட்ட எண்களே சென்றிருக்கும் என்பதால், அங்குள்ள பழைய பட்டியலை நீக்கிவிட்டுப் புதிதாக ஏற்றுவதே நல்லது.

திருத்திய எண்ணைச் சோதிக்கவும் வழி உண்டு. முதல் ஏழு இலக்கங்களை முறையே 8 முதல் 2 வரை பெருக்கிக் கூட்டி, 11-ஆல் வகுத்து, மீதியை 11-இலிருந்து கழித்தால் கடைசி இலக்கம் வர வேண்டும். 0040-517-க்குக் கூட்டுத்தொகை 61, மீதி 6, கழித்தால் 5. விடை 10 ஆனால் எக்ஸ் என்று எழுதுவார்கள். மீதியே இல்லையென்றால் கடைசி இலக்கம் சுழியம்.

கேள்வி கேட்டவர்

மூலக் கோப்பு அஞ்சலிலேயே இருந்தது. நீங்கள் சொன்னபடி செய்து ஏற்றினேன். அறிக்கையில் கோட்டை நீக்காமலே பெரும்பாலானவை பொருந்திவிட்டன. மிக்க நன்றி ஐயா. பட்டியலில் இருக்கும் சில இதழ்கள் அறிக்கையில் வரவே இல்லை. அவற்றையும் பிழை என்று கொள்வதா? மேலும், மொத்தக் கோரிக்கை, தனிக் கோரிக்கை என்ற இரண்டில் செலவுக் கணக்குக்கு எதை எடுப்பது?

மறுமொழி: மின்வளப் பொறுப்பாளர், கோயம்புத்தூர்

அந்தக் காலத்தில் ஒருமுறைகூடத் திறக்கப்படாத இதழைக் கவுண்டர் அறிக்கை காட்டாது. எனவே விடுபட்டவற்றில் பல உண்மையிலேயே பயன்பாடு இல்லாதவையாக இருக்கும். அவற்றுக்குச் சுழியம் இட்டுக் குழுவின் முன் வையுங்கள். ஆனால் அதற்கு முன், பெயர் மாறிய இதழ்கள் அவற்றில் உள்ளனவா என்று பாருங்கள். பெயர் பெரிதாக மாறும்போது எண்ணும் மாறும், பழைய எண் உங்கள் பட்டியலில் தங்கியிருக்கலாம்.

தனிக் கோரிக்கையையே எடுங்கள். ஒரு மாணவர் ஒரே அமர்வில் ஒரு கட்டுரையை வலைப்பக்கமாகப் படித்துவிட்டுப் பி.டி.எஃப். ஆகவும் இறக்கினால் மொத்தக் கோரிக்கையில் இரண்டாகும், தனிக் கோரிக்கையில் ஒன்றுதான். பதிப்பகத்தின் தள அமைப்பைப் பொறுத்து மொத்தக் கோரிக்கை எண் வீங்கக்கூடும் என்பதால், இரு பதிப்பகங்களை ஒப்பிட அது உதவாது.

மற்றொன்று: 2025 ஜனவரி முதல் கவுண்டர் நெறியின் 5.1 பதிப்பு நடைமுறைக்கு வந்துவிட்டது. கோஹாவிலேயே அறிக்கையைத் தானாகப் பெற சுஷி இணைப்பை அமைக்கும்போது முகவரி 5.1-க்கு உரியதா என்று பதிப்பகத்திடம் உறுதி செய்துகொள்ளுங்கள். 2010 என்ற பிழைக்குறி வந்தால், உங்கள் நிறுவனத்தின் தரவைப் பார்க்க அந்தக் கணக்குக்கு அனுமதி இல்லை என்று பொருள். 3031 என்றால் அந்த மாதத் தரவு இன்னும் ஆயத்தமாகவில்லை, சில நாள் கழித்து மீண்டும் கேட்டால் போதும்.