வால்பாறை பங்களாவில் எட்டு டிவி பிரபலங்கள், ஒரு பிணம்: நாடகத்தில் எங்கே ஓட்டை?

கடைசிவரிசை:
90 நிமிட மேடை நாடகம், நையாண்டிக் கொலைக்கதை. ஜூலை மழை, வால்பாறையில் ஒரு எஸ்டேட் பங்களா. பாட்டுப் போட்டி எபிசோட் எடுக்கப் போனவங்க மண்சரிவுல மாட்டிக்கிறாங்க. மூத்த நடுவர், தொகுப்பாளினி, மிமிக்ரி கலைஞர், பட்டிமன்றப் பேச்சாளர், சீரியல்ல டாக்டராவே நடிக்கிற நடிகர், யூடியூபர், போன சீசன் வின்னர், நடுவரோட மேனேஜர். கூட பங்களா சமையல்காரர்.

நடுவரை இரவு 9 மணிக்கே மிமிக்ரி கொன்னுடறார். 10.30-க்கு மூடின கதவுக்குப் பின்னாலிருந்து நடுவர் குரல்ல பேசிட்டு, பின்பக்கமா வந்து எல்லாரோடயும் விடியவிடிய சீட்டாடறார். காலையில பிணம்.

சிக்கல் என்னன்னா, படிச்சுக் காட்டின எல்லாருமே இடைவேளைக்குள்ள "மிமிக்ரிதானே?"ன்னு கேட்டுட்டாங்க. காமெடி ஒருபக்கம், கொலை ஒருபக்கமா நிக்குது. செல்போனை என்ன செய்றதுன்னு தெரியல. கடைசியில இன்ஸ்பெக்டர் வந்து குற்றவாளியை ஒத்துக்க வச்சு, 302-ல கைதுன்னு முடிச்சா சரியா இருக்குமா?

திரைச்சீலை:
குரல் மாற்றத் தெரிந்தவர் ஒரே ஆள் என்றால் கண்டுபிடிக்காமல் என்ன செய்வார்கள்? முதல் 15 நிமிடத்துக்குள் எல்லாரையும் நடுவர் மாதிரி பேச வையுங்கள். வின்னர் செய்யட்டும், தொகுப்பாளினி செய்யட்டும், சமையல்காரர் எல்லாரையும்விட நன்றாகச் செய்யட்டும். மிமிக்ரி மட்டும் "அந்த ஐட்டம் பழசாயிடுச்சு சார்" என்று ஒதுங்கிக்கொள்ளட்டும்.

காமெடியும் கொலையும் ஒட்டாததற்குக் காரணம், சிரிப்பை ஒரு காட்சியிலும் தடயத்தை வேறு காட்சியிலும் வைப்பதுதான். இரண்டும் ஒரே வசனமாக இருக்க வேண்டும். நடுவருக்கு ஒரு பஞ்ச் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம்: "அடடா, என் ரோமம் சிலிர்க்குது கண்ணு!" முதல் காட்சியில் சமையல்காரர் ஆசையாக, "ஒரு தடவை சொல்லுங்கய்யா" என்கிறார். நடுவர் நிமிர்ந்துகூடப் பார்க்காமல், "மேனேஜர்ட்ட பேசு" என்கிறார். அரங்கம் சிரிக்கும். இந்த மனுஷன் காசு வராமல் அந்த வசனத்தைச் சொல்லவே மாட்டார் என்ற தகவலையும் அந்தச் சிரிப்போடு விழுங்கிவிடும். 10.30-க்குக் கதவுக்குப் பின்னாலிருந்து அதே பஞ்ச் இலவசமாக வருகிறதே, அதுதான் ஓட்டை.

கவனம்: தடயத்தைச் சிரிப்பு வரும் வசனத்துக்கு அடுத்த வரியில் வைக்காதீர்கள். சிரிப்பொலியில் முழுகிப் போகும். சிரிக்க வைக்கும் வரிக்குள்ளேயே இருக்கட்டும்.

குரல் போலி என்பது இதில் தெரியும். யாருடையது என்று காட்ட இன்னொன்று வேண்டும். மிமிக்ரி ஒவ்வொரு குரலுக்கு முன்னும் இரண்டு தடவை தொண்டையைச் செருமுவார். முதல் பாதியில் மூன்று இடத்தில் வெறும் பழக்கமாக வந்துவிட்டுப் போகட்டும். கதவுக்குப் பின்னாலும் அதே இரண்டு செருமல். மழை, குளிர் என்று பார்வையாளர் தள்ளிவிடுவார்.

முடிவு: எல்லாரும் வின்னர் மேல் பழி போட்டு, "எவ்வளவு தத்ரூபமா பேசியிருக்கான் பாரு!" என்று அவனை வியக்கட்டும். பேரை இன்னொருத்தன் தட்டிக்கொண்டு போவதை மிமிக்ரியால் தாங்க முடியாது. "அது என் குரல்யா!"

தடயப்பெட்டி:
மேலே சொன்ன முடிவு சட்டப்படியும் உங்களுக்குச் சாதகம். போலீஸ் அதிகாரியிடம் கொடுக்கும் ஒப்புதல் வாக்குமூலத்தைக் குற்றவாளிக்கு எதிராக நிரூபிக்க முடியாது. பழைய சாட்சியச் சட்டத்தில் பிரிவு 25, இப்போது பாரதிய சாக்ஷிய அதினியத்தில் 23. இன்ஸ்பெக்டர் மிரட்டி ஒத்துக்கொள்ள வைக்கும் கிளைமாக்ஸ் கோர்ட்டில் நிற்காது. போலீஸ் வருவதற்கு முன் மற்றவர்கள் காதில் விழும்படி தானாக உளறினால் அது சாட்சியம், நீதிமன்றம் எச்சரிக்கையோடுதான் எடுத்துக்கொள்ளும் என்றாலும். அதனால் சாலை திறக்கும் முன்பே உளற வையுங்கள்.

பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் 302 போய்விட்டது. 2024 ஜூலை 1-லிருந்து கொலைக்கான தண்டனை பாரதிய நியாய சன்ஹிதா 103. பட்டிமன்றக்காரர் "302!" என்று முழங்க, யூடியூபர் திருத்தினால் ஒரு சிரிப்பு மிச்சம்.

சாவு நேரத்துக்கு அந்தச் சீரியல் டாக்டர்தான் உங்கள் புதையல். உடம்பைத் தொட்டுப் பார்த்து "சரியா 11.10" என்று அவர் சொல்லட்டும். நிஜத்தில் எந்த மருத்துவரும் நிமிடக் கணக்கு சொல்ல மாட்டார், சில மணி நேர இடைவெளியாகத்தான் சொல்வார். சமவெளி வெயிலில் பிணத்தின் விறைப்பு, செத்த 1, 2 மணி நேரத்தில் கண்ணிமை, தாடையில் தொடங்கி, சுமார் 12 மணி நேரத்தில் உடல் முழுக்கப் பரவும். குளிரில் தாமதமாகும், அறையில் ஹீட்டர் ஓடினால் வேகமாகும். 9 மணியையும் 11 மணியையும் காலையில் விறைப்பை வைத்துப் பிரிக்கவே முடியாது. கொலைகாரனுக்கு அந்தக் குரல் தேவைப்படுவது அதனால்தான்.

கொண்டைஊசி40:
ஆழியாறு பக்கம் 40 கொண்டை ஊசி வளைவு, அதுல மண் சரிஞ்சா பொள்ளாச்சி ரூட் அடைபடும், சரி. ஆனா மளுக்கப்பாறை வழியா சாலக்குடிக்கு இன்னொரு ரோடு இருக்கே! கோயம்புத்தூர்ல நாடகம் போட்டா மூணாவது வரிசையிலயே ஒருத்தர் எழுந்து கேட்பார். அந்தப் பக்கமும் மரம் விழுந்துடுச்சுன்னு ஒரு வரி போடுங்க. இல்லேன்னா பங்களாவுக்கும் மெயின் ரோட்டுக்கும் நடுவுல இருக்கிற எஸ்டேட் பாலத்தை உடைச்சிருங்க, ரெண்டு ரோட்டையும் தொடவே வேணாம்.

போனைச் சாகடிக்காதீங்க. வராந்தா மூலையில மட்டும் ஒரு புள்ளி சிக்னல் கிடைக்கட்டும். பிணத்தைப் பார்த்ததும் எல்லாரும் அங்கே ஓடறாங்க, அவசர உதவி நம்பர் 112-க்கு யாரும் அடிக்கல. எல்லாரும் "ஆழ்ந்த இரங்கல்" போஸ்ட் ஏத்தறாங்க. யூடியூபர் போஸ்ட் மட்டும் பிணம் கிடைக்கிறதுக்கு அரை மணி முன்னாடியே ஏறியிருக்கு. சந்தேகம் அவர் மேல பாயும். கடைசியில பார்த்தா, கிழவருக்கு வயசாச்சேன்னு ஆறு மாசமா டிராஃப்ட்ல வச்சிருந்திருக்கார், கை தவறி ஏறிடுச்சு. மேனேஜரும் ஒண்ணு ரெடியா வச்சிருக்கார், கீழே புக்கிங் நம்பரோட.

கடைசிவரிசை:
பாலத்தை உடைச்சாச்சு. அந்த 10.30 குரலை நடுவரா நடிக்கிறவர் குரல்லயே ரெக்கார்ட் பண்ணி ஸ்பீக்கர்ல விடலாமா?

திரைச்சீலை:
கூடாது, அது பார்வையாளரை ஏமாற்றுவது. மிமிக்ரியாக நடிப்பவரே பக்கத் திரைக்குப் பின்னால் நின்று நேரடியாகப் பேச வேண்டும். மைக் வேண்டாம். ஸ்பீக்கரில் வந்தால் குரல் கதவிலிருந்து வராது, அரங்கத்தின் இரண்டு பக்கமிருந்தும் வரும். கதவுத் தட்டியில் மேல்பாதியை வெறும் துணியால் மூடினால் குரல் அடைபடாது. தகரக் கூரை மழைச்சத்தத்தைச் செருமலுக்கு 4 விநாடி முன்பே தாழ்த்துங்கள், சட்டென்று நிறுத்தினால் தலைகள் நிமிரும்.

அந்த நேரத்தில் மேடையில் இல்லாதவர்களை அரங்கம் எண்ணும். மிமிக்ரியோடு குறைந்தது மூன்று பேரையாவது வெளியே அனுப்புங்கள், ஒவ்வொருவருக்கும் ஒரு காரணத்தோடு. வின்னர் அட்டைக்கடிக்கு உப்புத் தேடிப் போகலாம். தொகுப்பாளினி மேக்கப் கலைக்க, மேனேஜர் சிக்னல் தேட.