4294967297-க்கு 641 என்ற காரணியை ஆய்லர் எப்படிப் பிடித்தார்?

கேள்வி

3, 5, 17, 257, 65537. ஐந்துமே பகா எண்கள். 2, 4, 16, 256 என்று வர்க்கம் எடுத்துக்கொண்டே போய் ஒவ்வொன்றோடும் 1 கூட்டினால் வருபவை. அடுத்தது 2³²+1, அதாவது 4294967297. இதுவும் பகா எண்தான் என்று ஃபெர்மா நம்பியிருக்கிறார், 1732-இல் ஆய்லர் இது 641-ஆல் வகுபடும் என்று சொல்லிவிட்டார். கம்ப்யூட்டர் இல்லாத காலம், 641 என்பது 116-ஆவது பகா எண். முந்தைய 115-ஐயும் உட்கார்ந்து வகுத்துப் பார்த்தாரா என்ன?

பதில் 1

அவ்வளவு தேவையில்லை. p என்ற பகா எண் இதை வகுக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அப்போது 2³²-ஐ p-ஆல் வகுத்தால் மீதி −1 (அதாவது p-இன் மடங்குக்கு ஒன்று குறைவு), வர்க்கப்படுத்தினால் 2⁶⁴-க்கு மீதி 1, அதற்கு முன்னால் எந்த அடுக்கிலும் மீதி 1 வராது. ஃபெர்மாவின் சிறிய தேற்றப்படி 2-இன் (p−1)-ஆம் அடுக்குக்கும் மீதி 1, ஆகவே p−1 என்பது 64-இன் மடங்காகத்தான் இருந்தாக வேண்டும். 64k+1 வடிவில் வரும் பகா எண்களை எழுதுங்கள்: 193, 257, 449, 577, 641. ஐந்தாவதிலேயே ஆள் சிக்கிவிட்டான்! ஃபெர்மாவின் தேற்றத்தை வைத்தே ஃபெர்மாவின் ஊகத்தைக் கவிழ்த்திருக்கிறார், அதுதான் வேடிக்கை.

பதில் 2

641 தெரிந்த பிறகு சரிபார்க்க நீள்வகுத்தல்கூட வேண்டாம். 641 = 5×2⁷+1, அதே 641 = 5⁴+2⁴. முதலாவதிலிருந்து 5×2⁷-க்கு மீதி −1, நான்காம் அடுக்குக்கு உயர்த்தினால் 5⁴×2²⁸-க்கு மீதி 1. இரண்டாவது சொல்வது, 5⁴-க்குப் பதில் −2⁴ போடலாம் என்று. போட்டால் −2³²-க்கு மீதி 1, அதாவது 2³²+1 மீதியில்லாமல் வகுபடுகிறது. எனக்கு மிகவும் பிடித்த நான்கு வரி நிரூபணம் இது.

கேட்டவர்

அருமை, நன்றி இருவருக்கும். சரி, வகுத்தால் வரும் 6700417 பகா எண்ணா, அதையும் உடைக்கலாமா?

பதில் 1

பகா எண்தான், அதே வடிகட்டி போதும். வர்க்கமூலம் 2588 சொச்சம். 641-லிருந்து அதுவரை 64k+1 வடிவில் இருக்கும் பகா எண்கள் ஏழுதான்: 641, 769, 1153, 1217, 1409, 1601, 2113. ஒன்றாலும் வகுபடாது, போட்டுப் பாருங்கள்.

பதில் 3

கேள்வியில் உள்ள 4294967297-இல் இரண்டைக் கழித்தால் 4294967295, அது 3×5×17×257×65537. அங்கேயே இருக்கும் அந்த ஐந்து பகா எண்களின் பெருக்கல்! அத்தனை பக்கமுள்ள ஒழுங்குப் பலகோணத்தை அளவுகோலும் கவராயமும் மட்டும் வைத்து வரையலாம் என்பது கணிதவியலாளர் காஸ் வழி வந்த முடிவு. ஒற்றைப்படைப் பக்கங்களில் இதைவிடப் பெரியது இன்றுவரை யாருக்கும் தெரியாது, ஏனென்றால் ஆறாவது ஃபெர்மா பகா எண் (இந்த 3, 5, 17, 257, 65537 வரிசையில் வரும் பகா எண்) ஒன்று இன்னும் கிடைக்கவில்லை.

அப்புறம், எல்லாமே இப்படிச் சுலபமாக மாட்டாது. அடுத்த 2⁶⁴+1-க்கு 1855-இல்தான் காரணி கிடைத்தது, 274177. அங்கே வடிவம் 128k+1. இங்கே k 10-லேயே வந்துவிட்டது, அங்கே 2142 வரை போக வேண்டும்.