பம்பிங் குறைந்தவர்களின் நாடித்துடிப்பு: உங்கள் வீட்டில் நடந்ததைச் சொல்லுங்கள்

மகள், தென்காசி:

மாரடைப்புக்குப் பிறகு அப்பாவின் பம்பிங், அதாவது ஒவ்வொரு துடிப்பிலும் இதயம் வெளியே தள்ளும் ரத்தத்தின் பங்கு, 30 சதவீதத்துக்கு இறங்கிவிட்டது. ஓபிக்குப் போகும்போதெல்லாம் சீட்டில் ரத்த அழுத்தம், எடை, நாடி மூன்றையும் எழுதுவார்கள். அழுத்தத்தைப் பற்றிப் பேசுவார்கள், காலில் நீர் கோத்திருக்கிறதா என்று அமுக்கிப் பார்ப்பார்கள். நாடி மட்டும் 88, 92, 86 என்று எழுதப்பட்டதோடு சரி. நூறைத் தாண்டாதவரை கவலையில்லை என்றுதான் எங்களுக்குச் சொல்லப்பட்டது.

பிறகு வேறொரு இதயநோய் டாக்டரிடம் காட்டினோம். அவர் பழைய சீட்டுகளை மேசையில் பரப்பி, நாடி எண்களை மட்டும் சிவப்புப் பேனாவால் வட்டமிட்டார். நிமிடத்துக்கு 60 துடிப்பு என்றால் ஒரு துடிப்புக்கு ஒரு விநாடி கிடைக்கிறது. அதில் சுருங்குவதற்கு ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு போக, மீதி நேரத்தில்தான் இதயம் விரிந்து நிரம்புகிறது. இதயத் தசைக்கே ரத்தம் பெரும்பாலும் அப்போதுதான் போய்ச் சேருகிறது. 90 துடிப்பானால் மொத்தமே 0.67 விநாடி. சுருங்கும் நேரம் அதிகம் குறையாது. வெட்டு விழுவதெல்லாம் ஓய்வில்தான். "ஐயா, உங்கள் இதயம் சாப்பிடக்கூட உட்காராமல் வேலை பார்க்கிறது" என்றார்.

உடனே மாத்திரையைக் கூட்டிவிடவில்லை. ரத்தசோகைக்கும் தைராய்டுக்கும் பரிசோதனை எழுதினார். இரண்டுமே நாடியை ஏற்றக்கூடியவை. அப்பாவுக்கு இரும்புச்சத்து குறைவாக இருந்தது. அதைச் சரிசெய்துகொண்டே, நாடியைக் குறைக்கும் மெட்டோப்ரோலால் மாத்திரையை 25 மில்லிகிராமிலிருந்து படிப்படியாக ஏற்றினார். ஆரம்பத்தில் அப்பா சோர்ந்துதான் கிடந்தார். "இந்த மாத்திரைதான் அண்ணனைப் படுக்கவைக்கிறது, நிறுத்திவிடுங்கள்" என்று சித்தப்பா சண்டைக்கே வந்துவிட்டார். டாக்டரைக் கேட்காமல் நிறுத்துவதில்லை என்று அம்மா உறுதியாக நின்றார். இப்போது காலையில் எண்ணினால் 64, 66. முன்பு குளித்துவிட்டுத் தலை துவட்டுவதற்குள் கட்டிலில் உட்கார்ந்துவிடுவார். இப்போது துண்டைக் கொடியில் காயப்போட்டுவிட்டுத்தான் உள்ளே வருகிறார்.

பொதுநல மருத்துவர், ஈரோடு:

சகோதரி, அந்த டாக்டர் வட்டமிட்டதற்கு வலுவான ஆதாரம் இருக்கிறது. 2010-இல் லான்செட் இதழில் வெளியான 'ஷிஃப்ட்' ஆய்வில் 37 நாடுகளைச் சேர்ந்த 6,500-க்கும் மேற்பட்டோர் இருந்தார்கள். எல்லோருக்கும் பம்பிங் 35 சதவீதமோ அதற்கும் கீழோ, தாளம் சீரானது, ஓய்வில் துடிப்பு 70-க்குக் குறையவில்லை. மருந்தில்லாத வெற்று மாத்திரை பெற்ற பிரிவில், தொடக்கத்திலேயே 87 அல்லது அதற்கு மேல் துடித்தவர்களுக்கு, 70, 71 என்று இருந்தவர்களைவிட ஆபத்து இரண்டு மடங்குக்கும் அதிகம். ஒவ்வொரு கூடுதல் துடிப்புக்கும் ஆபத்து 3 சதவீதம் ஏறியது. துடிப்பைக் குறைக்கும் ஐவாப்ரடின் என்ற மருந்தைக் கொடுத்தபோது, இதயநோய் மரணம் அல்லது நோய் முற்றி மருத்துவமனையில் சேர்வது 29 சதவீதத்திலிருந்து 24 ஆகக் குறைந்தது.

ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். அந்தப் பலனில் பெரும்பகுதி மருத்துவமனைச் சேர்க்கை குறைந்ததால் வந்தது. உயிரைக் காப்பதில் முன்னால் நிற்பது, உங்கள் அப்பாவின் மெட்டோப்ரோலாலைப் போன்ற பீட்டா பிளாக்கர்தான். பலவீனமான இதயத்துக்கு அதைக் கொடுக்கவே கூடாது என்று ஒரு காலத்தில் பாடம் நடத்தினார்கள். ஸ்வீடனின் கோதன்பர்க் நகரில் வாக்ஸ்டைன் குழுவினர் ஏழே நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்து 1975-இல் எழுதினார்கள். மருத்துவ உலகம் ஏற்றுக்கொள்ள இருபது ஆண்டுகளுக்கு மேல் ஆனது. 1999-இல் பைசோப்ரோலாலிலும் மெட்டோப்ரோலாலிலும் வந்த இரண்டு பெரிய ஆய்வுகள் மரணம் மூன்றில் ஒரு பங்கு குறைவதைக் காட்டின. அந்த ஏழு பேரை நினைத்தால் எனக்கு இன்றும் நெஞ்சு நிறைகிறது. பீட்டா பிளாக்கரைத் தாங்கக்கூடிய அளவுக்கு ஏற்றிய பிறகும் நாடி 70-க்கு இறங்காவிட்டால்தான் ஐவாப்ரடினைச் சேர்க்கிறோம்.

நோயாளி, சேலம்:

எனக்கு அப்படித்தான் சேர்த்தார்கள். கார்வெடிலால் என்ற பீட்டா பிளாக்கரைக் கூட்டினால் அழுத்தம் 90-க்குக் கீழே போய் எழுந்து நிற்கவே முடியவில்லை. ஐவாப்ரடின் தொடங்கிய பிறகு ஒரு விஷயம் பயமுறுத்தியது: இரவில் இருட்டறையில் சுவிட்சைப் போட்டதும் கண்ணின் ஓரத்தில் ஓர் இடம் மட்டும் பளிச்சென்று மின்னும், சற்று நேரத்தில் மறையும். கண் போய்விடுமோ என்று தூக்கமே இல்லை. இதயத்தில் துடிப்பு கிளம்பும் முனையில் இந்த மருந்து அடைக்கும் வாயிலைப் போன்ற ஒன்று விழித்திரையிலும் இருக்கிறது, அதனால்தான் இது, பெரும்பாலும் தானாகவே அடங்கிவிடும் என்று டாக்டர் சொன்ன பிறகுதான் நிம்மதி. எனக்கு அடங்கிவிட்டது. இரவில் வண்டி ஓட்டுபவர்கள் முதலிலேயே டாக்டரிடம் சொல்லிவிடுங்கள்.

மனைவி, புதுச்சேரி:

என் கணவருக்குத் தாளமே ஒழுங்கில்லை, ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன். பக்கத்து வீட்டுக்காரர் சொன்னார் என்று ஐவாப்ரடினைப் பற்றிக் கேட்டோம். துடிப்பு இதயத்தின் வழக்கமான முனையிலிருந்து கிளம்பாதபோது அது வேலை செய்யாது என்றார் டாக்டர். 70-க்குக் கீழே கொண்டுவர வேண்டும் என்ற கணக்கும் இவருக்கு அப்படியே பொருந்தாதாம். எண்ணைப் பார்க்கும் முன் ஈசிஜியைப் பாருங்கள்.

செவிலியர், மதுரை:

எண்ணும் முறையையும் சொல்லிவிடுகிறேன். மாடி ஏறி வந்ததும், காபி குடித்ததும் எண்ணாதீர்கள். ஐந்து நிமிடம் சாய்ந்து உட்கார்ந்த பிறகு, மணிக்கட்டில் கட்டைவிரலின் அடிப்பக்கமாக இரண்டு விரல்களை வைத்து முழு நிமிடம் எண்ணுங்கள். பதினைந்து விநாடி எண்ணி நாலால் பெருக்குவது தாளம் தப்பியவர்களிடம் ஏமாற்றிவிடும். அவர்களுக்குச் சில துடிப்புகள் மணிக்கட்டுவரை வருவதே இல்லை. விரலில் மாட்டும் கருவி 72 காட்டும்போது நெஞ்சில் ஸ்டெதஸ்கோப் வைத்து எண்ணினால் 100-க்கு மேல் இருந்ததை வார்டில் பார்த்திருக்கிறேன்.

பல நாளாக 66 என்று இருந்தவருக்குத் திடீரென்று 85 என்று நின்றால், எடையையும் பாருங்கள். மூன்று நாளில் 2 கிலோ ஏறியிருந்தால் நீர் சேருகிறது, அன்றே கூப்பிடுங்கள். மூட்டுவலிக்குக் கடையில் தானே வாங்கிய டைக்ளோஃபினாக் பின்னால் இருப்பதை அடிக்கடி பார்க்கிறோம்.

மகன், தஞ்சாவூர்:

அம்மாவுக்கு நாடி இப்போது 56. தலைசுற்றல் இல்லை, நன்றாக நடமாடுகிறார். நாடி குறைந்துவிட்டது, மாத்திரையை நிறுத்து என்று உறவினர்கள் வற்புறுத்துகிறார்கள். என்ன செய்வது?

பொதுநல மருத்துவர், ஈரோடு:

நிறுத்தாதீர்கள் தம்பி. பீட்டா பிளாக்கரைச் சட்டென்று நிறுத்தினால் நாடி குதித்து ஏறும். நெஞ்சுவலியும் தாளக் கோளாறும் வரலாம். தொந்தரவு இல்லாத 56 பெரும்பாலும் மருந்து நன்றாக வேலை செய்வதைத்தான் காட்டுகிறது. 50-க்குக் கீழே போனாலோ, கண் இருட்டினாலோ, மயக்கம் வந்தாலோ உடனே காட்டுங்கள். மற்றபடி அடுத்த ஓபியில் ஓர் ஈசிஜி எடுத்து, அளவை மாற்றுவதா என்று அம்மாவைப் பார்க்கும் டாக்டரே முடிவு செய்யட்டும்.