பச்சைக் கோழி இறைச்சியைக் கழுவ வேண்டுமா?

கேள்வி: சமைப்பதற்கு முன் கோழி இறைச்சியைக் குழாயடியில் கழுவினால் கிருமி பரவும் என்கிறார்களே, உண்மைதானா?

பதில் 1: உண்மைதான். கழுவுவதால் கிருமி சாவதில்லை. தெறிக்கும் நீர்த்துளிகளோடு தொட்டிக்கும், அருகில் கவிழ்த்து வைத்த தட்டுகளுக்கும் போய்ச் சேருகிறது. நடுப்பகுதி 74 டிகிரி செல்சியஸை எட்டும்வரை வேகவைத்தால் சால்மோனெல்லா என்ற நோய்க்கிருமி அழிந்துவிடும். ஈரத்தைக் காகிதத் துவாலையால் ஒற்றியெடுத்துக் குப்பையில் போட்டுவிட்டு, கைகளைச் சோப்பால் கழுவுங்கள்.

பதில் 2: ஐயா சொன்னதோடு ஒன்று: இறைச்சி நறுக்கிய பலகையிலேயே பச்சையாக உண்ணும் காயை நறுக்குவதுதான், என்னைக் கேட்டால், இதைவிடப் பெரிய ஆபத்து.

கேட்டவர்: நன்றி. மீந்த குழம்பை இரவு வெளியில் வைத்துக் காலையில் கொதிக்கவைத்தால் போதுமா?

பதில் 1: போதாது. சில பாக்டீரியாக்கள் உண்டாக்கும் நச்சு, கொதித்தாலும் அழியாது என்பதால், ஆழமில்லாத பாத்திரங்களில் பிரித்து, 2 மணி நேரத்துக்குள் ஃபிரிட்ஜில், பச்சை இறைச்சிக்கு மேல்தட்டில் வையுங்கள்.