புதுப்பிப்பு: நிணநீர்க் கணு பயாப்ஸியில் சிடி20 ஓரத்தில் மட்டும் ஏறிய பிரச்சினை

கணுவின் நடுவில் கறை ஏன் ஏறவில்லை என்ற என் கேள்விக்குப் பதில் போட்ட எல்லோருக்கும் நன்றி. புதிதாகப் படிப்பவர்களுக்கு: கழுத்துக் கணு, லிம்போமா (நிணநீர்ப் புற்றுநோய்) சந்தேகம். ஆன்டிபாடி வைத்துப் போடும் கறைகளான சிடி20 (பி செல்களுக்கு), சிடி3 (டி செல்களுக்கு), கேஐ-67 (பெருகும் செல்களுக்கு) மூன்றும் ஓரத்தில் நன்றாக ஏறி, நடுவில் வெளுத்துக் கிடந்தன.

ஆன்டிபாடியின் அடர்த்தியைக் கூட்டியதில் பின்னணிக் கறைதான் கூடியது. முடிச்சை அவிழ்த்தது "விமென்டின் போட்டுப் பாருங்க" என்ற யோசனை. நல்ல திசுவில் எங்கும் ஏற வேண்டிய அந்தக் கறையும் நடுவில் ஏறவில்லை. ஆக, குறை ஆன்டிபாடியில் இல்லை, ஃபிக்ஸேஷனில் (திசுவைக் கெடாமல் பதப்படுத்துவதில்). கணுவை நறுக்காமல் முழுசாக டப்பாவில் போட்டிருக்கிறார்கள். ஃபார்மலின் கணுவின் உறையைத் தாண்டி மெதுவாகத்தான் இறங்கும், அதற்குள் நடுப்பகுதி சிதையத் தொடங்கிவிடும்.

பழைய பிளாக்கில் (மெழுகில் பதித்த திசு) ட்ரிஸ்-இடிடிஏ, பிஹெச் 9 கரைசலில் ரிட்ரீவலை (ஃபார்மலின் மறைத்த புரதங்களைச் சூடாக்கி மீட்பதை) 20 நிமிடத்திலிருந்து 30 ஆக்கியதும் சிடி20 ஓரளவு மீண்டது. கேஐ-67 மீளவே இல்லை. அது ஏறிய செல்களின் சதவீதத்தை ஓரத்தில் மட்டும் எண்ணினோம்.

இப்போதைய முறை: கணுவை சலைனில் நனைத்த காஸில் சுற்றி உடனே லேபுக்கு. 2–3 மி.மீ. தகடுகளாக நறுக்கி, திசுவைப் போல் 10 மடங்கு அளவு 10% நியூட்ரல் பஃபர்டு ஃபார்மலினில் 24 மணி நேரம். ஃப்ளோ சைட்டோமெட்ரிக்கு (செல்களை ஒவ்வொன்றாக அளக்கும் சோதனை) ஒரு துண்டு முதலிலேயே ஆர்பிஎம்ஐ-யில் (செல்களை உயிருடன் வைக்கும் திரவம்) போய்விடும். சென்னை வெயிலுக்கு ஐஸ் பேக் கட்டாயம், ஆனால் குப்பி அதில் நேரடியாக ஒட்டக் கூடாது, உறைந்தால் செல் போச்சு.

எதிர்பாராதது: அடுத்து வந்த ஒரு கணுவில் ஸ்லைடு முழுக்கப் பெரிய பி செல்கள், ஃப்ளோவிலோ குளோன் (ஒரே செல்லிலிருந்து பெருகிய கூட்டம்) எதுவும் தெரியவில்லை. பெரிய செல்கள் ஃப்ளோவுக்காக சஸ்பென்ஷன் (செல்களைப் பிரித்து மிதக்கவிட்ட திரவம்) தயாரிக்கும்போதே உடைந்துவிடலாம். ஃப்ளோ நெகட்டிவ் என்பதை மட்டும் வைத்து லிம்போமா இல்லை என்று எழுதிவிடாதீர்கள்.