கொமடோர் 128: இசட்80-ஐ எழுப்பப் போய் அம்பிட்ட அனுபவங்கள்

பரந்தன்:
கொமடோர் 128 எண்ட பழைய கணினிக்குள்ள 8502, இசட்80 எண்டு ரெண்டு புரொசசர் கிடக்கு. 8502-ஐ நிப்பாட்டி இசட்80-ஐ எழுப்பிறதுதான் கதை. 1986இல பான்டம் அச்சிட்ட புரோகிராமர்ஸ் ரெஃபரன்ஸ் கைடு கையில இருந்தாலும் ஏமாறலாம். ஸ்கானில இருந்து எழுத்தை மட்டும் பிரிச்செடுத்த ஒரு பிரதியில, எந்தப் புரொசசர் ஓடவேணும் எண்டு சொல்லுற முகவரி 54533க்கு "80" போடச் சொல்லிக் கிடக்கு. பக்கத்தின்ர படத்தைப் பெருப்பிச்சாத்தான் தெரியும், அது "பி0". படத்தில இருந்து எழுத்தைப் பிரிக்கிற ஓசிஆர் "பி"யை எட்டாக்கிப் போட்டுது. ஹெக்ஸில, அதாவது 16ஐ அடியா வச்ச எண்ணில, பி0 எண்டா 176, 80 எண்டா 128. 176 எங்க, 128 எங்க! இடையில 4ஆம், 5ஆம் பிட் பூச்சியமாகுது. அது ரெண்டும் கேம், எக்ஸ்ரொம் எண்ட காட்ரிஜ் கம்பிகள். ஹெக்ஸ் எண்டா படத்தைப் பாத்துத்தான் தட்டவேணும். தேடேக்கயும் மெசினின்ர பேரை விட்டிட்டு சிப் இலக்கத்தைப் போடுங்கோ: 8722 (நினைவகத்தைப் பிரிக்கிறது), 8563 (80 எழுத்து அகலத் திரைக்கு), 8502. விளம்பரக் குப்பை குறையும்.

நெடுங்கேணி:
இசட்80 4 மெகாஹேர்ட்ஸ், 8502 2 மெகாஹேர்ட்ஸ். ரெண்டும் சேந்து ஓடினா 6 தானே? ஆனா மூவ்ஸ்பிரைட் கட்டளையில தன்பாட்டில ஓடிக்கொண்டிருந்த ஸ்பிரைட் எண்ட குட்டிப் படம், இசட்80 எழும்பின அந்த நொடியே திரையின்ர நடுவில அப்பிடியே நிண்டிட்டு. உதுக்கு எந்தப் பக்கத்தில விளக்கம் கிடக்கு?

ஒட்டுசுட்டான்:
அண்ணை, கூட்டல் கணக்கை விடுங்கோ. ரெண்டுக்கும் தரவு போற பாதை, அதாவது பஸ், ஒண்டுதான். ஒண்டு ஓடேக்க மற்றது நித்திரை. இசட்80க்கு 4 எண்டாலும் திரைச் சிப் விஐசியோட பஸ்ஸைப் பங்குபோடுறதால பலன் 2 மாதிரித்தான். ஸ்பிரைட்டை நகர்த்திறது 8502இன்ர இன்ரறப்ட், அதாவது இடையிடையே குறுக்கிட்டு ஓடுற வேலை. அது படுத்தா ஸ்பிரைட்டும் படுக்கும்.

மெசின் போட்டவுடன முதலில ஓடுறதே இசட்80 தான். அது 65488இல 8502க்கு ஒரு நிரல் துண்டும் 65504இல தனக்கு ஒரு துண்டும் ராமில எழுதி வச்சிட்டுத்தான் கைமாத்தும். திரும்ப எழும்பேக்க விட்ட இடத்தில இருந்து, 65517இல ஒண்டும் செய்யாத நொப் கட்டளையோட தொடங்கும். அடுத்த 65518இல கிடக்கிறது 207. அதை மாத்தாட்டி இசட்80 தன்ர ரொமுக்குள்ள போயிடும்.

பேசிக்கில பாங்க் 0 (ராமின்ர முதல் 64கே) எண்டு போட்டிட்டு, போக் கட்டளையால 65518இல இருந்து 195, 0, 48. இது 12288க்குத் தாவச் சொல்லுறது. 12288இல இருந்து 62, 42, 50, 112, 48, 195, 224, 255. அதாவது 42-ஐ 12400இல வச்சிட்டு 65504க்குப் போ. 8502 திரும்பி வாறதுக்கு 65500இல 76, 0, 19. இது 4864க்குத் தாவச் சொல்லுறது. 4864இல 169, 0, 141, 0, 255, 88, 96. பிறகு அதை ஓட்ட சிஸ் 65488. கடைசிக்கு முதல் வாற அந்த 88-ஐ விட்டா இன்ரறப்ட் திறக்காது, கீபோட்டும் செத்ததுபோலக் கிடக்கும்.

படம் கீற கிராஃபிக் 1 போட்டிருந்தா அந்தப் படத்தின்ர பிட்மாப் 8192 தொடக்கம் 16383 வரைக்கும் பிடிச்சிடும். 12288 அதுக்குள்ள. முதலில கிராஃபிக் சிஎல்ஆர்.

வவுனியா:
இவ்வளவும் சரியா வந்தும் 80 எழுத்து அகலத் திரையில ஒரு புள்ளி விழாது. காரணம் இசட்80 ராமில எழுதுற எல்டி கட்டளை. 8502இல பழகின கை 8563 சிப்பின்ர முகவரி 54784க்கு நேர எழுதும். இசட்80இல அது ராமுக்குள்ள போய் விழும், சத்தமே இல்லாமல். பி, சி எண்ட பதிவேட்டுச் சோடியில 54784-ஐ வச்சு அவுட் (சி),ஏ குடுக்கவேணும். 16 பிட்டும் முகவரிக் கம்பியில வாறது அப்பதான். முதல் அனுப்பிறது 8563இன்ர பதிவேட்டு இலக்கம். பிறகு 54784இன்ர 7ஆம் பிட் 1 ஆகுமட்டும் இன் ஆர்,(சி)யால வாசிச்சுக் காத்திருங்கோ. பிறகு 54785இல தரவு. 18, 19ஆம் பதிவேடுகள் திரை நினைவகத்தின்ர முகவரி, 31ஆம் பதிவேடு அங்க எழுதுற தரவு. இதுவும் இல்லாமல் 4096க்குக் கீழ பாங்க் 0இல நிரல் வச்சா இசட்80க்குத் தெரியிறது அதின்ர ரொம் மட்டும்தான்.

முறிகண்டி:
எல்லாரும் நிரலைப் பாக்கிறியள், கரண்டை ஒருத்தரும் பாக்கேல்லை. தட்டையான 128க்கு வெளிப் பெட்டியில இருந்து 5 வோல்ட் டிசியும் 9 வோல்ட் ஏசியும் வரும். அந்த 9 வோல்ட் ஏசியின்ர துடிப்பை எண்ணித்தான் சிஐஏ எண்ட சிப்பின்ர நேரக் கடிகாரம் ஓடுது. சோலார் இன்வேர்ட்டர் 50 ஹேர்ட்ஸில சரியா நிக்காட்டி மணியும் பிசகும். பிசகினா நிரலைக் குறை சொல்லாமல் முதலில மீற்றரை வச்சுப் பாருங்கோ. 56334இன்ர 7ஆம் பிட் 1 எண்டா 50 ஹேர்ட்ஸ், 0 எண்டா 60. அமெரிக்காவில இருந்து வந்த பெட்டியெண்டா 110 வோல்ட். 230இல நேர குத்தினா பெட்டி போயிடும், ஸ்டெப் டவுன் வேணும். கறையான் அச்சுப் பிரதியைத் தின்னமுதல் ஸ்கானை ரெண்டு இடத்தில வையுங்கோ. நிலத்தில வைக்காதேங்கோ, மேசை காலுக்குக் கீழ எண்ணெய்ச் சிரட்டை.

ஒட்டுசுட்டான்:
எண்ணெய்ச் சிரட்டை எறும்புக்கு. கறையான் சுவரால வரும். மேசையைச் சுவரில இருந்து தள்ளிப் போடுங்கோ.

நெடுங்கேணி:
பீக்(12400) 42 காட்டுது. ஸ்பிரைட் நிண்ட இடத்தில இருந்தே திரும்ப ஓடுது.