முழப்பிலங்காடு கடற்கரை மணலில் கார் புதையாமல் ஓட்டுவது எப்படி?

கேள்வி (பெருந்துறையிலிருந்து):
அனைவருக்கும் வணக்கம். அடுத்த மாதம் குடும்பத்துடன் கண்ணூர் செல்கிறோம். அங்கிருந்து தலச்சேரி போகும் வழியில் உள்ள முழப்பிலங்காடு கடற்கரையில் காரை இறக்கி ஓட்ட வேண்டும் என்பது பிள்ளைகளின் ஆசை. எங்களுடையது முன்சக்கரங்கள் மட்டும் இழுக்கும் சாதாரண கார். நம் பக்கத்துச் செம்மண் தடத்திலும் வாய்க்கால் கரையிலும் ஓட்டிப் பழக்கம் உண்டே தவிர, மணலில் ஓட்டியதில்லை. கொடுமுடி அருகே காவிரி மணலில் ஒரு வேன் அச்சு வரை புதைந்து, டிராக்டர் வந்து இழுத்ததை நேரில் பார்த்திருப்பதால் தயக்கமாக இருக்கிறது. வேகமாக ஓட்டினால் புதையாது என்று நண்பர்கள் சொல்வது சரிதானா?

பதில் 1 (பொள்ளாச்சியிலிருந்து):
வேகத்தைவிட டயர் காற்றுதான் முக்கியம், தம்பி. டயருக்குள் எவ்வளவு அழுத்தம் இருக்கிறதோ, ஏறத்தாழ அவ்வளவு அழுத்தத்தைத்தான் அது தரையின் மீது செலுத்தும். சாலைக்காக 32 அல்லது 33 பிஎஸ்ஐ வைத்திருக்கும் டயர், உலர்ந்த மணலைக் கீறிக்கொண்டு இறங்கிவிடும். அதையே 18 முதல் 20 வரை குறைத்தால், தரையில் படியும் பகுதி நீண்டு, வண்டியின் எடை பரவி, சக்கரம் மணலின் மேலேயே உருளும். அதற்கும் கீழே வெகுவாக இறக்கினால், திருப்பும்போது டயர் ரிம்மை விட்டுக் கழன்றுவிடக்கூடும். ஆகவே சாதாரண காருக்கு அந்த எல்லையோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

மணலில் சீரான, மிதமான வேகம் போதும். திடீரென ஆக்சிலரேட்டரை மிதிப்பதும், பிரேக்கை அழுத்துவதும், ஸ்டீயரிங்கை ஒரேயடியாக ஒடிப்பதும் கூடாது. பிரேக் பிடித்தால் சக்கரத்துக்கு முன்னால் மணல் குவிந்து, மீண்டும் கிளம்புவதற்கு அதுவே தடையாகிவிடும். காலை எடுத்துவிட்டு வண்டி தானாக நிற்கும்படி விடுங்கள்; சரிவு இருந்தால் முகப்பு இறக்கத்தைப் பார்த்திருக்கட்டும்.

பதில் 2 (கொடுமுடியிலிருந்து):
மேலே சொன்னதை ஆற்று மணலில் பலமுறை கண்டவன் என்ற முறையில் ஒன்றைச் சேர்க்கிறேன். வேன்கள் அச்சு வரை புதைவது முதல் தடுமாற்றத்தால் அன்று. சக்கரம் சுழல்வதைப் பார்த்தும் ஓட்டுநர் விடாமல் மிதிப்பதால்தான். வண்டி முன்னேறாமல் சக்கரம் மட்டும் சுற்றுகிறது என்று தெரிந்த அந்த நொடியிலேயே காலை எடுத்துவிட வேண்டும். அப்போது நான்கு விரல் ஆழம்தான் இறங்கியிருக்கும். எல்லோரையும் இறக்கிவிட்டு, வந்த தடத்திலேயே மெதுவாகப் பின்னால் எடுத்துப் பாருங்கள். ஏற்கெனவே அழுந்திய தடம் புது மணலைவிடக் கெட்டியாக இருக்கும். அதற்கும் வராவிட்டால், இழுக்கும் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும், வண்டியின் அடிவயிறு மணலில் உட்கார்ந்திருந்தால் அங்கேயும், மணலை வாரிவிட்டுச் சாக்கையோ தென்னை நார் மிதியடியையோ சக்கரத்துக்கு அடியில் செருகுங்கள். பொள்ளாச்சிக்காரர் அருகில் இருப்பதால் மிதியடிக்குப் பஞ்சம் இராது! கயிறு கட்டி இழுக்க நேர்ந்தால், வண்டியோடு வரும் கொக்கியை அதற்குரிய இடத்தில் திருகி மாட்டுங்கள். கயிறு அறுந்தால் உயிருக்கே ஆபத்து என்பதால் பிள்ளைகளை வெகுதூரம் தள்ளி நிறுத்துங்கள்.

கேள்வி கேட்டவர்:
மிக்க நன்றி, அண்ணா. கடலோரத்தில் எந்த இடத்து மணல் கெட்டியாக இருக்கும்? காற்றை இறக்கிவிட்டால் திரும்பும்போது என்ன செய்வது?

பதில் 3 (கோவையிலிருந்து):
கடற்கரையை மூன்று பட்டைகளாகப் பாருங்கள். அலை எட்டாத மேட்டு மணல் உலர்ந்து கிடப்பதால், மணிகளைப் பிணைக்க எதுவும் இல்லை. புதைவது பெரும்பாலும் அங்கேதான். அலை வடிந்து ஈரம் மட்டும் தங்கிய நடுப்பட்டையில், மணிகளுக்கு இடையிலுள்ள நீர்ப்படலம் அவற்றை இழுத்துப் பிடிப்பதால் தரை கெட்டியாக இருக்கும். அலை நனைத்துக்கொண்டே இருக்கும் விளிம்பில் நீர் மிகுந்து மணல் மீண்டும் இளகிவிடும் என்பதால் அங்கே நிறுத்தவே கூடாது. முழப்பிலங்காட்டில் நடுப்பட்டை அகலமாகவும் இறுகியும் இருப்பதால்தான் சாதாரண கார்களும் அங்கே ஓடுகின்றன. நீங்கள் கவனமாகக் கடக்க வேண்டியது, சாலையிலிருந்து இறங்கியதும் வரும் உலர்ந்த மணலைத்தான்.

கடல் வடியும் நேரத்தில் இறங்குங்கள். ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் இடையே ஏறத்தாழ 6 மணி நேரம் இருக்கும். அந்த நேரம் நாளுக்கு நாள் சுமார் 50 நிமிடம் தள்ளிப்போகும் என்பதால் முந்தைய நாள் கேட்ட நேரத்தை நம்பிப் போகாதீர்கள். மாலையில் மணல் முழுதும் குழந்தைகள் விளையாடுவார்கள். ஆகவே காலையே மேல்.

காற்று நிரப்ப, காரின் 12 வோல்ட் இணைப்பில் செருகும் சிறிய பம்பும் அழுத்தமானியும் கையோடு இருக்கட்டும். குறைந்த காற்றோடு தார்ச்சாலையில் வேகமாகப் போனால் டயரின் பக்கச்சுவர் சூடேறி வெடிக்கக்கூடும் என்பதால், பழைய அளவுக்கு நிரப்பிய பிறகே நெடுஞ்சாலை ஏறுங்கள். அன்றே வண்டியின் அடிப்பகுதியையும் பிரேக் பகுதியையும் நல்ல தண்ணீரில் கழுவச் சொல்லுங்கள். பெருந்துறை வந்து பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டால் உப்பு அதற்குள் வேலையைத் தொடங்கிவிடும்.